வாஹாவ்: ஆற்றோடு போகும் ஒரு சைக்கிள் பகல்

ஆஸ்திரியாவில் மெல்க் நகரிலிருந்து கிரெம்ஸ் வரை டான்யூப் ஆறு மலைகளை ஊடறுத்துப் போகும் பள்ளத்தாக்குக்கு வாஹாவ் என்று பெயர். நீளம் சுமார் 35 கிலோமீட்டர். ஜெர்மனியின் பாசாவிலிருந்து வியன்னா வரை கரையோடு வரும் சைக்கிள் பாதையில் மிக அழகான துண்டு இதுதான். 2000-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. நிற்காமல் மிதித்தால் சில மணி நேரம்தான். இறங்கி இறங்கிப் பார்த்தால் ஒரு பகல் முழுதும் வேண்டும்.

மிதிப்பதில் சிரமம் இல்லை. என்ஜின் வருவதற்கு முன் சரக்குப் படகுகளை எதிர்நீரோட்டத்தில் குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன. அவை நடந்த கரையோரத் தடங்களே பல இடங்களில் இன்றைய சைக்கிள் பாதை. அதனால் பெரிய மேடு கிடையாது.

மெல்க் குன்றின் மேல் பெனடிக்ட் துறவிகள் 1089 முதல் வாழ்கிறார்கள். இப்போதைய மஞ்சள் நிற மடத்தை 1702-ல் கட்டத் தொடங்கியவர் யாக்கோப் பிராண்ட்டாவர். 1736-ல் பணி முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை. பால் ட்ரோகரின் ஓவியம் கூரையை நிறைக்கும் நூலகத்தைக் கூட்டம் சேருமுன் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

பிறகு பாலம் கடந்து வடகரை. வழியில் வில்லன்டார்ஃப் என்னும் சிற்றூர். 1908-ல் ரயில் பாதை வேலையின்போது இங்கேதான் சுமார் 11 சென்டிமீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக்கல் பெண் சிலை கிடைத்தது. வயது ஏறக்குறைய 30,000 ஆண்டுகள். அசல் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரில் இருப்பது பெரிய நகல்.

ஸ்பிட்ஸில் ஆற்றைக் கடக்கும் தோணியைத் தவறவிடக் கூடாது. அதற்கு மோட்டார் இல்லை. கரைக்குக் கரை உயரத்தில் கட்டிய இரும்பு வடத்தோடு தோணி பிணைக்கப்பட்டிருக்கிறது. தோணிக்காரர் அதை நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திருப்பி வைப்பார். மோதும் தண்ணீரே அதை மறுகரைக்குத் தள்ளிவிடும். சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம். ஆறு வேகமாக ஓடினால்தான் இது நடக்கும். வாஹாவில் நீர்மின் அணை கட்டத் திட்டம் வந்தபோது மக்கள் எதிர்த்து நின்று தடுத்தார்கள். அணை எழுந்திருந்தால் இங்கே ஓட்டம் மந்தமாகியிருக்கும். டான்யூப் ஆஸ்திரியாவில் தடையின்றி ஓடும் இடங்கள் இரண்டே. அவற்றில் ஒன்றை அந்த மக்கள் காத்துக்கொடுத்திருக்கிறார்கள்.

தென்கரையில் ஆப்ரிகாட் தோப்புகள். பூப்பது பெரும்பாலும் ஏப்ரலில், பழுப்பது ஜூலையில். முழுப்பழத்தை மாவில் பொதிந்து வேகவைக்கும் கொழுக்கட்டை இவ்வட்டாரத்தின் பெருமை.

செயின்ட் லோரன்ஸில் இன்னொரு தோணி ஏறி வடகரையின் வைசன்கிர்ஷனுக்குத் திரும்பினால், கல்லடுக்கிச் சுவரெழுப்பிய திராட்சைப் படிவயல்களின் கீழே பாதை டூர்ன்ஸ்டைனுக்குப் போகிறது. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192-ல் பிடித்த கோமகன் ஐந்தாம் லியோபோல்ட், இவ்வூர்க் கோட்டையில்தான் அடைத்துவைத்தார். மன்னரை மீட்க இங்கிலாந்து கொட்டிக்கொடுத்த வெள்ளியில் லியோபோல்டின் பங்கு வீனர் நோய்ஸ்டாட் என்னும் நகரையே எழுப்ப உதவியது. 1645-ல் சுவீடன் படை தகர்த்த கோட்டை இடிபாடாக நிற்கிறது. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுச் செங்குத்தான வழியில் நடந்தே ஏற வேண்டும்; உச்சியிலிருந்து ஆற்றின் வளைவு முழுதும் தெரியும்.

அங்கிருந்து கிரெம்ஸ் பக்கம்தான். பழைய நகர வாசலான ஸ்டைனர் டோரைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கலாம். வியன்னாவுக்கு ரயிலும் உண்டு.