கோடித் துணியும் உப்புத் தண்ணீரும்

ஆறுமுகநேரிப் பக்கம் அன்று விரிப்பு தைக்கத் துணிக்கடைக்குப் போனவர்கள் இல்லை. பெட்டியில் நைந்த நூல் சேலை நாலு கிடக்கும், கரை கிழிந்த வேட்டி ஒன்று கிடக்கும். வேட்டி உள்ளே, சேலை வெளியே. திண்ணையில் இழுத்து விரித்து, மூலைக்கு ஒரு செங்கல் வைத்து, நீள ஊசியில் இரட்டை நூல் கோத்து ஓட்டுத் தையலாகப் போட்டுக்கொண்டே போவார்கள். மூணு நாலு மத்தியானத்தில் ஒரு விரிப்பு முடிந்துவிடும். பிரசவத்துக்கு வரும் மகளுக்கு இரண்டு தயாராக இருக்கும்.

அந்தத் துணியை நனைத்துத் தைப்பதா, நனைக்காமல் தைப்பதா என்று யாரும் கேட்டதில்லை. பத்து வருஷம் துவைகல்லில் அடிபட்ட சேலை அது. சுருங்குவதெல்லாம் சுருங்கி, போகிற சாயமெல்லாம் போன பிறகுதான் ஊசிக்கு வந்தது. பிறந்த பிள்ளையின் தோலுக்கு அதைவிட இதமான துணி இன்றைக்கும் கடையில் இல்லை என்பேன்.

நனைக்கிற வேலையெல்லாம் கோடித் துணிக்குத்தான். ரவிக்கைத் துணியை ஒரு ராத்திரி வாளியில் போட்டு, கஞ்சி போக அலசி, நிழலில் காயவைத்துத்தான் தைக்கக் கொடுத்தார்கள். கரையோரக் கிணறுகளில் பாதி சப்புத் தண்ணீர்; சோப்பு நுரைக்காது. ஆனாலும் கஞ்சியை இளக்க அது போதும். இன்றைக்கும் டெய்லர் கடையில் முதல் கேள்வி, “லைனிங்க நனைச்சாச்சாக்கா?” என்பதுதான். நனைக்கவில்லை என்றால் துணி திரும்பி வந்துவிடும்.

இப்போது பேத்திமார் தைப்பது வேறு. மோட்டார் வைத்த மிஷின், போனில் பார்த்துப் பழகிய கட்டம் கட்டமான வேலை, நடுவில் பாலியஸ்டர் பஞ்சு. பெயரும் குயில்ட் என்றாகிவிட்டது. துணி மட்டும் எல்லாமே கோடி: ஒரு கட்டம் கைத்தறி, ஒரு கட்டம் மில் துணி, ஒரு கட்டம் பாதி பாலியஸ்டர் கலந்தது. கேள்வி அங்கேதான் முளைக்கிறது. பருத்தி நூலை இழுத்துப் பிடித்து நெய்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அந்த இழுவை தளர்ந்து நூல் உள்வாங்குகிறது. நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினால் பத்து அங்குலக் கட்டத்தில் அரை அங்குலம் போச்சு. பக்கத்தில் இருக்கும் பாலியஸ்டர் கட்டம் அசையாது. தையல் ஓரமெல்லாம் நொய்யரிசி கொட்டியது போலப் பொரிந்து நிற்கும்.

என் வீட்டில் நடந்தது இன்னும் மோசம். வெள்ளையும் அரக்குமாகக் கட்டம் வைத்து ஆசையாகத் தைத்த போர்வை முதல் அலசலிலேயே ரோஸ் நிறமாகி வந்தது. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏட்டி, உப்புத் தண்ணில ஊறப் போட்டுல்லா தைக்கணும்!” அடுத்த போர்வைக்கு அப்படியே செய்தேன். உப்பள ஊரில் உப்புக்கா பஞ்சம்? இரண்டு கை அள்ளிப் போட்டேன். அப்படியும் சிவப்பு இறங்கியது.

ஆச்சி சொன்னதில் பாதி உண்மை. உப்பு வேலை செய்யும் இடம் நம் வாளி இல்லை, சாயத்தொட்டி. தண்ணீருக்குள் பருத்தியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை உப்பு அடக்கிச் சாயத்தை நூலோடு சேர்க்கிறது. அதற்காகவே லிட்டருக்கு 50 கிராம், அடர் நிறமென்றால் இன்னும் அதிகமாக உப்புப் போடுகிறார்கள். பிறகு சோடா சேர்த்தால்தான் சாயம் நூலைக் கெட்டியாகப் பிடிக்கும். பிடிக்காமல் ஒட்டி நிற்கும் மிச்சச் சாயத்தை வீட்டில் எத்தனை கை உப்புப் போட்டாலும் கட்டிப்போட முடியாது. பக்கத்துச் சாகுபுரம் ஆலையில் உப்பிலிருந்து எடுக்கிற காஸ்டிக் சோடாவும் துணிக்கு உறவுதான். பருத்தி நூலுக்குப் பளபளப்பு ஏற்றும் மெர்சரைஸ் வேலைக்கு அது வேண்டும்.

சாயம் போவது நமக்குப் புதிதும் இல்லை. 1950களின் கடைசியில் நம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணி அமெரிக்கா போய், துவைத்ததும் சாயம் கலைந்து பெரிய புகாரானது. அங்கேயுள்ள வியாபாரிகள் லேசுப்பட்டவர்களா? ‘சாயம் போவதற்கு நாங்கள் உத்தரவாதம்’ என்று அதையே விளம்பரமாக்கி விற்றுத் தீர்த்தார்கள். நம் வீட்டு ரோஸ் போர்வைக்கு அந்த யோகம் இல்லை.

இப்போதைய மில் துணியை நனைக்கவே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். துணியை மில்லிலேயே நெருக்கிச் சுருக்கி அனுப்பும் சான்ஃபரைஸ் முறை 1930 வாக்கிலேயே வந்துவிட்டது. சாயமும் முன்னைவிடக் கெட்டி. கஞ்சி மொடமொடப்போடு இருந்தால் வெட்டவும் தைக்கவும் சுலபம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சிறு துண்டுகளாக வெட்டி வந்த துணியை நனைத்தால் ஓரம் பிரிந்து நூல் நூலாகப் போய்விடும், அதை விட்டுவிடலாம்.

மற்றபடி என் கட்சி டெய்லர் கட்சிதான். வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் நனையுங்கள். சிவப்பு, அரக்கு, கருநீலம் மூன்றையும் தனித்தனி வாளியில் போட்டு, தண்ணீர் வெள்ளையாக வரும்வரை அலசுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அதில் நிறம் ஒட்டினால் அந்தத் துணியைப் போர்வைக்கு வைக்காதீர்கள். தலையணை உறை தைத்துக்கொள்ளுங்கள். உப்பைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.