கப்பல் ஏட்டில் ஒரு பாட்டனார்

காணி நிலம் உடையவரின் பாட்டனாரைத் தேடுவது அவ்வளவு கடினமன்று. வருவாய்த்துறையின் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டிலோ, சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரத்திலோ அவர் பெயர் அகப்பட்டுவிடும். நிலமே இல்லாத பண்ணையாளுக்கு அங்கே என்ன இருக்கிறது? தீர்வை செலுத்தாதவரைத் தாலுகா ஏடுகள் பெரும்பாலும் கண்டுகொண்டதில்லை. ஆனால் அதே பண்ணையாள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்திருந்தால் நிலைமை தலைகீழ்! அவர் உயரமும் உடம்பிலிருந்த தழும்பும்கூட எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை எடுத்துக்கொள்வோம். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் சென்ற முதற் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு, 1860 நவம்பர் 16ஆம் நாள் 342 பேருடன் டர்பனை அடைந்தது. 1911இல் இம்முறை நிறுத்தப்படும்வரை சென்றவர் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள்.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனருகே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம். அன்பினால் எழுதியவையா இவை? ஆள் தப்பிவிடக்கூடாது என்பதற்காக எழுதியவை! எனினும் தேடுபவருக்கு அந்த எண்ணே திறவுகோல். தோட்டம் மாறினாலும், மணம் புரிந்தாலும், மாண்டாலும் அதிகாரிகள் அந்த எண்ணையே குறித்தனர். எண் கிடைத்துவிட்டால் ஒரு தாளிலிருந்து மறு தாளுக்குப் போகலாம். கப்பற் பட்டியல்கள் இன்று கணிப்பொறியிலும் ஏற்றப்பட்டுள்ளன.

அடுத்துப் பார்க்க வேண்டியவை குடியேறியோர் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகள். அடி, பாக்கிக் கூலி, நோயில் வேலை வாங்கியது பற்றிய முறையீடுகள் அங்கேதான் உள்ளன. 1894இல் முன்பற்கள் உடைபட்டுக் காந்தியடிகளிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளியை நாம் அறிவோம். காந்தியடிகளைச் சென்றடையாத பாலசுந்தரங்கள் எத்தனை பேரோ! அவர்களுள் சிலரது குரலேனும் இக்கோப்புகளில் இருக்கிறது. அதுவும் குமாஸ்தாவின் ஆங்கிலத்தில்தான்.

ஏட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பலருடைய வயது உத்தேசமாக எழுதப்பட்டதே. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலக் காது கேட்டபடி எழுதினர். 'கவுண்டர்' அங்கே 'கோவெண்டர்' ஆயிற்று. சில குடும்பங்களில் தந்தையின் பெயரே பரம்பரைப் பெயராக நிலைத்துவிட்டது. ஜில்லாவும் ஏமாற்றும். 'வட ஆற்காடு, சித்தூர்' என்று கண்டு இன்றைய வேலூர்ப் பக்கம் அலைபவர் வீணே அலைவார். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகி, இன்று ஆந்திரத்தில் இருக்கிறது.

சில வரிகள் நம்மை நிறுத்திவிடுகின்றன. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களேனும் செல்ல வேண்டும் என்பது விதி. கைக்குழந்தையோடு, கணவன் பெயரின்றி ஏறிய பெண்களும் உண்டு. விதவையா, கைவிடப்பட்டவளா, ஓடி வந்தவளா? அதற்கு ஏட்டில் கட்டம் இல்லை.

ஒப்பந்தம் முடிந்தவர் அங்கேயே தங்கினாரா, திரும்பினாரா என்பது அடுத்த கேள்வி. தங்கியவரை வரிக் கணக்கிலே தேடலாம். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதோர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்தது 1895ஆம் ஆண்டுச் சட்டம். 1913இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் பின், 1914இல்தான் அது ஒழிந்தது. இறந்தபோது சிறிது சொத்து விட்டிருந்தால் அதற்கும் ஒரு கோப்பு உண்டு.

திரும்பியவருடைய எண் சென்னைத் துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது. கரை இறங்கியபின் அவர் மீண்டும் நிலமற்றவர், ஏடற்றவர். கொண்டுவந்த காசில் அரை ஏக்கர் வாங்கியிருந்தால் மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.