ஷிப்லி-உம் அல் கனம்: ஊர்ப்பெயருக்கு நடுவே ஒரு கோடு

வடக்கு இஸ்ரேலில், கலிலேயாவின் தாபோர் மலை அடிவாரத்தில் இருக்கிற பெதூயின் ஊருக்கு ஷிப்லி-உம் அல் கனம் என்று பெயர். நடுவில் எதுக்கு அந்தக் கோடு? 1992 வரை இவை ரெண்டு தனித்தனி கிராமங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே உள்ளாட்சி மன்றமாக்கினார்கள். பெயரை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அரபியில் 'ஷிப்ல்' என்றால் சிங்கக்குட்டி. 'உம் அல் கனம்' என்றால் ஆடுகளின் தாய். பெயரில் ஆடு இருக்கு, சரி. நிஜத்தில்?

1950ல் இஸ்ரேல் ஒரு சட்டம் போட்டது. வெள்ளாடு செடிகொடிகளை அழிக்கிறது என்பது காரணம்; சொந்த நிலத்துக்கு வெளியே அதை மேய்க்கக் கூடாது. 'கருப்பு ஆட்டுச் சட்டம்' என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. சொந்த நிலம் என்று பட்டா காட்ட முடியாத மேய்ப்பன் என்ன செய்வான்? பெதூயின் கூடாரமே கருப்பு வெள்ளாட்டு முடியில் நெய்ததுதான், அரபியில் அதை 'முடி வீடு' என்பார்கள். ஆடு குறைந்தால் பாலோடு வீட்டுக்கான துணியும் போச்சு. இதில் வேடிக்கை, 2018ல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். மேய ஆடில்லாமல் காட்டில் புதர் மண்டி, தீ பரவ வழியாகிறதாம்! இதைப் புரிஞ்சுக்க 68 வருஷம்.

கூடாரத்திலிருந்து கல்வீட்டுக்கு மாறியவர்களுக்கு அரசு அங்கீகாரம்தான் எல்லாம். தெற்கே நெகேவ் பாலைவனத்தில் அங்கீகாரமில்லாத பெதூயின் கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே அரசு மின்இணைப்பு கிடையாது, கட்டிய வீட்டை எப்போது வேண்டுமானாலும் இடிக்கலாம். அதோடு ஒப்பிட்டால், பாதிப் பெயரோடு ஒரு மன்றம் கிடைப்பது பெரிய விஷயம்தான்.

எல்லா இணைப்பும் நிலைப்பதில்லை. 2003ல் மஜ்த் அல் குரூம், தெய்ர் அல் அசத், பிஇனா என்ற மூன்று அரபு ஊர்களைச் சேர்த்து 'ஷாகூர்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். 2008ல் பிரிந்துவிட்டது. மாறாக கஅபிய்யா-தப்பாஷ்-ஹஜாஜ்ரா என்ற பெதூயின் ஊர், மூன்று பெயரையும் வரிசையாகச் சுமந்துகொண்டு நிற்கிறது. படிவத்தில் எப்படித்தான் எழுதுகிறார்களோ!

புனிதப் பயணமாகத் தாபோர் போகிற நம்மூர்க்காரர்கள் உச்சியில் 1924ல் கட்டி முடித்த தேவாலயத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். ஷிப்லியில் பெதூயின் வாழ்க்கைக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நேரமிருந்தால் எட்டிப் பாருங்க.