நாக்கா வேலையும் 90 நாள் கணக்கும்

கோவை ரயில் வந்து நிற்கும் லோகமான்ய திலக் டெர்மினஸுக்குப் பக்கத்து லோக்கல் ஸ்டேஷன் நமது திலக் நகர். ஊரிலிருந்து கட்டட வேலை தேடி வருகிறவர் முதலில் போய் நிற்பது நாக்கா என்னும் தெருச்சந்தியில். காலையில் மேஸ்திரி வந்து ஆள் கேட்பார். கூலியைப் பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பணும்.

பலர் கவனிக்காதது வேறொன்று. கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிய, 18 முதல் 60 வயதுக்குள், முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இது 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விதி. நாக்காவிலோ தினம் ஒரு மேஸ்திரி! வருடமெல்லாம் உழைத்தும் கையில் சான்று இருக்காது. பதிவில்லாமல் வாரிய உதவியும் கிடைக்காது.

ஆகவே ஒரு நோட்டில் தேதி, இடம், மேஸ்திரி பெயர் குறித்து, அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். பின்னால் சான்று கேட்க அதுதான் பிடி. எழுதத் தெரியாதவர்களுக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாமே!