லைக் வாங்கும் கோலம் ஜெயிக்கலாமா?

பொங்கல் விழா என்றால் கல்லூரிகளில் கோலப்போட்டி, உறியடி எல்லாம் உண்டு. இப்போது கூடவே ஒரு நிபந்தனையும் வந்திருக்கிறது: 'கல்லூரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை ஃபாலோ செய்யுங்கள். அதிக லைக் வாங்கும் படத்துக்குப் பரிசு!'

பிளஸ் டூ முடித்த பலரும் கவுன்சலிங்குக்கு முன் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதால்தான் இந்த ஆர்வம். ஆனால், லைக்கை எண்ணினால் ஜெயிப்பது நல்ல கோலமல்ல, பெரிய நட்பு வட்டம். பரிசுக்காக வந்தவர்கள் பரிசளிப்பு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள்.

வெற்றியாளரை நடுவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். போட்டிக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று அறிவிக்க வேண்டும் என்பது இன்ஸ்டாகிராமின் விதி. முக்கியமாக, மாணவியின் படத்தை அவர் சம்மதமின்றிப் போடக் கூடாது. பரவிய படத்தைத் திரும்ப வாங்க முடியாதே!

லேப், ஹாஸ்டல், மெஸ் எப்படி இருக்கிறது என்று மாணவர்களே ரீல்ஸ் எடுக்கும் போட்டி வைத்தால், வந்தவர்கள் தங்குவார்கள். பெற்றோருக்கும் அதுதானே தெரிய வேண்டும்?