நோயுற்ற சகோதரிக்காக நடக்கும் கால்கள்

கடல் கடந்த ஒரு நாட்டில், மார்பகப் புற்றுநோயால் வாடும் பெண்களுக்கு உதவுவதற்காகப் பலர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் கால்நடையாகச் செல்கின்றனர். அந்தப் பயணத்தைப் பற்றிச் சற்று அறிந்து கொள்வோமா?

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், கலீசியா மாநிலத்தில், சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா என்னும் நகரம் உள்ளது. ஈசா நபி (அலை) அவர்களின் சீடர்களுள் ஒருவரான யாக்கோபு அங்குள்ள பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருப்பதாகக் கிறித்தவர்கள் நம்புகின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அந்நகரை நோக்கி நடந்து வருகின்றனர். இப்பாதைகளுக்குக் 'காமினோ' என்று பெயர். அவற்றுள் புகழ்பெற்றது, பிரான்சின் எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் தொடங்கி, பிரனீஸ் மலையைக் கடந்து செல்லும் சுமார் 780 கிலோமீட்டர் பாதையாகும். அதனை நடந்து முடிக்க ஐந்து வாரங்கள் வரை ஆகும். 1993ஆம் ஆண்டு யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வழிநெடுகிலும் மஞ்சள் அம்புக்குறிகளும், விசிறிபோல் விரிந்த சிப்பி ஓட்டின் சின்னமும் திசை காட்டுகின்றன. பயணிகள் ஓர் அட்டையை உடன் எடுத்துச் சென்று, தங்குமிடந்தோறும் முத்திரை பெறுகின்றனர். குறைந்தது 100 கிலோமீட்டரேனும் நடந்து அந்நகரை வந்தடைந்தவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். 2023ஆம் ஆண்டில் மட்டும் 4,40,000-க்கும் மேற்பட்டோர் அங்கு வந்து சேர்ந்ததாகப் பதிவாகியுள்ளது. அவர்கள் அனைவரும் வழிபாட்டுக்காகவே வருபவர்கள் அல்லர். பிறருக்கு உதவ நிதி திரட்டும் நோக்குடன் நடப்போரும் அவர்களிடையே உண்டு.

நிதி எவ்வாறு சேர்கிறது?

நடக்க முன்வரும் பெண் முதலில் தன் உறவினர், அண்டை வீட்டார், உடன் பணிபுரிவோர் ஆகியோரிடம் செல்கிறார். "நான் இத்தனை கிலோமீட்டர் நடக்கப் போகிறேன், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நீங்கள் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்கிறார். சிலர் மொத்தமாகவே ஒரு தொகையைத் தந்துவிடுவர். கொடுப்பவர்கள் அனைவரும், "எதற்காக நடக்கிறாய்?" என்று வினவாமல் இருப்பதில்லை. அதற்கு விடை கூறும்போது, வீட்டுக்குள் உரக்கச் சொல்லத் தயங்கிய ஒரு நோயின் பெயர் பத்து வீடுகளில் பேசப்படுகிறது. திரளும் பணத்தைவிட இதனையே பெரும்பயன் எனச் சொல்லத் தோன்றுகிறது.

அப்பணம் மருந்துக்கு மட்டும் செலவாவதில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அணியும் செயற்கை மார்பகம், கீமோதெரபியால் முடி உதிர்ந்தவருக்குச் செயற்கை முடி, மருத்துவமனைக்குச் சென்றுவர வாகனம், கலங்கிய மனத்துக்கு ஆறுதலும் ஆலோசனையும் எனப் பல தேவைகள் உள்ளன. சிகிச்சை முடிந்து உறவினர் கலைந்து சென்ற பின்னரே பல பெண்கள் தனிமையின் கொடுமையை உணர்கின்றனர். அந்த நாட்களில் துணை நிற்பதற்கும் பொருள் தேவைப்படுகிறது.

நிதி தருவோரும் ஒன்றைக் கேட்டறிதல் வேண்டும். சிலர் பயணச் செலவைத் தம் கைப்பணத்திலிருந்து தந்து, திரட்டியதை முழுமையாக ஒப்படைக்கின்றனர். வேறு சில ஏற்பாடுகளில் பயணச் செலவும் நன்கொடையிலிருந்தே கழிக்கப்படுகிறது. எது எவ்வாறு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதே முறை. பிறர் தந்த பணம் அமானிதம் அல்லவா?

நோயிலிருந்து மீண்டவர் நடக்கலாமா?

அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டவர்களுக்குக் கை வீங்குவதுண்டு. இதனால், அத்தகைய பெண்கள் கைக்குக் கடுமையான வேலை தரலாகாது என்றே நெடுங்காலம் அறிவுறுத்தப்பட்டது. 1996ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில் டான் மெக்கன்சி என்ற மருத்துவர், இந்நோயிலிருந்து மீண்ட 24 பெண்களுக்குப் பயிற்சியளித்துத் துடுப்புப் படகு செலுத்தச் செய்தார். அஞ்சியபடி அவர்களுக்குக் கை வீக்கம் ஏற்படவில்லை. மருத்துவரின் அனுமதியுடன், படிப்படியாகப் பழகி உடலை உழைக்கச் செய்வது நன்மையே தரும் என்பதே இன்றைய கருத்து. காமினோவில் மூட்டையைச் சுமக்க இயலாதவர்கள், அதனைச் சிறு கட்டணத்தில் அடுத்த தங்குமிடத்துக்கு வாகனத்தில் அனுப்பிவிட்டு வெறுங்கையுடன் நடக்கலாம்.

இப்பாதையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், நெடிய கம்பத்தின் உச்சியில் ஓர் இரும்புச் சிலுவை நிற்கிறது. தம் ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லை அதன் அடியில் போட்டுச் செல்வது பயணிகளின் வழக்கம். மனச்சுமையை அங்கே இறக்கி வைப்பதாக அதற்குப் பொருள் கொள்கின்றனர். அங்கே ஒரு பெரும் கற்குவியலே எழுந்துள்ளது.

நாம் செய்ய வேண்டியது

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் உயிரிழந்தனர். இந்தியப் பெண்களிடையேயும் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமடையும் வாய்ப்பு அதிகம். ஆனால், கூச்சத்தினால் தாயிடமும் கணவரிடமும்கூடச் சொல்லாது மறைத்து, நோய் முற்றிய பின்னர் மருத்துவரிடம் செல்லும் சகோதரிகள் நம்மிடையே இல்லையா?

மார்பிலோ அக்குளிலோ வலியற்ற கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எனினும் அதனைச் சோதித்தே அறிய வேண்டும். மருத்துவரை நாடியது முதல் 60 நாட்களுக்குள் நோய் இன்னதென உறுதிசெய்யப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது.

ஸ்பெயினுக்குச் சென்று நடக்க நம்மில் எல்லோராலும் இயலாது. உங்கள் தெருவில் சிகிச்சை பெற்றுவரும் ஒரு சகோதரி இருந்தால், அடுத்த முறை அவருடன் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள். அவர் பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவு சமைத்துக் கொடுங்கள். அதற்கு ஒரு பகல்பொழுது போதும்.