பாயைச் சுருட்டி நிறுத்தாதீர்கள்!

செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கம் இருக்கிறது சீயமங்கலம். மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரத்தைப் பார்க்க வருகிறவர்கள், சுற்றுவட்டாரத்தின் இன்னொரு பெருமையைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். கோரைப்பாய்க்குப் பேர்போன வந்தவாசி வட்டாரம் இது. இந்தப் பாய் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கோ, ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று டெல்லியில் தொடங்கும் இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்கோ போனால், பெரும்பாலும் ஸ்டால் மூலையில் சுருட்டி நிறுத்தப்படுகிறது. கரையும் கட்டமும் உள்ளே மறைந்துபோக, வெளியே தெரிவது கோரையின் நுனி மட்டுமே. கை நோக நெய்தவர்களுக்கு இது அநியாயம்.

பாய்க்குத் தேவை மேஜை அல்ல, சுவர். கண்காட்சிகளில் கிடைக்கும் வழக்கமான 'ஆக்டோநார்ம்' ஸ்டாலில் அது இருக்கவே செய்கிறது. எட்டுப் பக்க அலுமினியத் தூண்கள், இடையில் மீட்டர் அகலப் பேனல்கள், உயரம் சுமார் இரண்டரை மீட்டர். 3 அடி அகலப் பாய் என்பது 91 செ.மீ.; ஒரு பேனலுக்குள் அழகாக அடங்கும். 4 அடிப் பாய் 122 செ.மீ. என்பதால் தூணைத் தாண்டி அடுத்த பேனலுக்குப் போய்விடும். அதை ஓரத்தில் தொங்கவிடாமல் பின்சுவரின் நடுவில் விடுங்கள். பேனலில் ஆணி அடிக்கவே கூடாது. மேல் சட்டத்தில் கொக்கி மாட்டினால் போதும்.

மூலை ஸ்டால் என்றால் எல்லோருக்கும் ஆசை. இரண்டு பக்கமும் திறப்பு, கூட்டம் வரும் என்று கூடுதல் வாடகையும் கொடுப்பார்கள். ஆனால் 3க்கு 3 மீட்டர் ஸ்டாலில் 9 மீட்டராக இருக்கும் சுவர், மூலையில் 6 மீட்டராகக் குறைந்துவிடும். பாய் விற்பவர்களுக்கு நான் மூலை ஸ்டாலைப் பரிந்துரைக்கமாட்டேன்.

மாவட்டக் கண்காட்சிப் பந்தலில் இந்தப் பேனல்களும் இருக்காது. அங்கேதான் கழற்றி மாட்டும் சொந்தச் சட்டம் கைகொடுக்கும். எந்தத் துண்டும் ஒரு மீட்டரைத் தாண்டாமல் பார்த்து வாங்குங்கள். பாய்க்கட்டோடு சேர்த்தே கட்டி பஸ்ஸில் ஏற்றலாம். இரண்டு துண்டு சேர்ந்தால் 2 மீட்டர், 6 அடிப் பாய் தரை தொடாமல் தொங்கும். அதே சட்டத்தை ஓரிடத்தில் நேராகவும், இன்னோர் இடத்தில் 'ட' வடிவிலும் நிறுத்த முடியவேண்டும். இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம், துருவும் பிடிக்காது. அடிப்பாதம் அகலமாக இருக்கட்டும். காற்றில் பாய் பாய்மரமாகிவிடும். கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: ஒரு மூட்டு தொலைந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா? இல்லை என்றால் அந்தச் சட்டம் வேண்டாம்.

பெயர்ப்பலகையைத் துணியில் அச்சிடலாம், மடித்து வைக்க வசதி. கண்காட்சியின் பெயரையும் ஆண்டையும் அதில் போடாதீர்கள். அடுத்த ஊருக்கு உதவாது.

கழற்றி மாட்டுவது புதுச் சங்கதி இல்லை. 1851 லண்டன் உலகக் கண்காட்சிக்கு ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த பளிங்கு மாளிகையே அப்படித்தான். ஒரே அளவில் வார்த்த இரும்பும் கண்ணாடியும் கோத்து எழுப்பினார்கள். கண்காட்சி முடிந்ததும் பிரித்தெடுத்து, சிடன்ஹாமில் இன்னும் பெரிதாகக் கட்டி 1854இல் திறந்தார்கள்.

வருடத்துக்கு ஒரு கண்காட்சிதான் போகிறீர்கள் என்றால் சட்டம் வாங்கவே வேண்டாம், வாடகை போதும். மூன்று நான்கு என்றால், இரண்டு மூன்று சுய உதவிக் குழுக்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். வாங்கியதும் ஊரிலேயே ஒருமுறை மாட்டி, பாயைத் தொங்கவிட்டு, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். குறை எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்; சரிசெய்துகொண்டு பஸ் ஏறுங்கள்.